பத்தியப் பேரம்

உருளைக்கிழங்கு மண்டி ஏகாம்பர முதலியாரிடம் ஒருவன் ஒரு விலை சொன்னால் அவர் காதில் பாதிதான் விழும். காதுக் கோளாறு அல்ல. குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வருகிற சீர். கோலார் பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றி வரும் கவுடர் வாயைத் திறக்கும்போதே, இந்த மனுஷன் கடைசியில் எங்கே வந்து நிற்பான் என்று முதலியார் மனசுக்குள் ஒரு முளை அடித்துவிடுவார். அப்புறம் நடக்கிற கூச்சல், எழுந்து போவது, திரும்பக் கூப்பிடுவது, குலதெய்வத்தின் மேல் சத்தியம், எல்லாம் மாட்டை அந்த முளைக்கு ஓட்டிக்கொண்டு வருகிற வேலைதான்.

"சொன்ன வெலைக்கே குடுக்கிறவன் எதுக்குடா மண்டி வெக்கிறான்? மடம் வெக்கட்டும்" என்பார்.

மண்டிக்கு வெளியிலும் அதே தராசுதான். அல்சூர்க் கோயில் அர்ச்சகரிடம் அர்ச்சனையைச் சுருக்கச் சொல்லிவிட்டுப் பிரசாதத்தை நீட்டச் சொல்வார். பல் வலி என்று போன இடத்தில், இரண்டு பல் எடுக்க வேண்டும் என்ற டாக்டரிடம், "ஒண்ணைப் புடுங்குங்க சாமி, இன்னொண்ணை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பேசி முடித்தார். அந்த இன்னொன்று வாயில் கெட்டியாக நின்றுவிட்டது. வைத்தியர்களும் வியாபாரிகள்தான், கோட்டு போட்டிருக்கிற தைரியத்தில் கூட்டிச் சொல்கிறார்கள் என்று அவர் முடிவுகட்ட அந்த ஒரு பல் போதுமாயிருந்தது.

அவருக்கு ஒரே பெண், அபரஞ்சி. பதினொரு வயசு. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் மண்டிக்கு வந்து மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அழுகல் எந்த மூட்டையில் இருக்கிறது என்று மோந்தே சொல்வாள். "பொட்டப்புள்ளைக்கு மண்டியிலே என்னா வேலை? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று அவள் அம்மா கனகாம்புஜம் கத்தினால், "மாப்பிள்ளையை நீயும் நானும் தேட வோணாம்டி. அவளே பேசி, கம்மியிலே முடிச்சிக்குவா" என்பார் முதலியார்.

மண்டியில் பெரிய பேரம் வாயால் நடப்பதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே ஒருவன் மற்றவன் விரல்களைப் பிடிப்பான். எத்தனை விரல் பிடித்தானோ அதுதான் கேட்பு. சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும், அவற்றிலும் ஒன்றும் தெரியாது. அபரஞ்சி இதை எட்டு வயசிலேயே கற்றுக்கொண்டாள். மிட்டாய்க்கும் ரிப்பனுக்கும் தகப்பன் மடித் துண்டுக்குள் கையை விட்டுப் பேரம் பேசுவாள். நாலு பிடித்து, மூன்றுக்கு இறங்கி, தகப்பனை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றிவிடுவாள்.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் சாரல் விடவில்லை. மண்டியில் சாக்கெல்லாம் ஈரம் பாரித்து நாறியது. பெண்ணுக்கு ஜுரம் வந்தது. கஷாயம் கொடுத்தார்கள், தர்காவில் மந்திரித்தார்கள், கனகாம்புஜம் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். இரண்டாவது வாரம் பெண் கண்ணைத் திறந்தபடியே மூட்டை எண்ண ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் சுந்தரராமனைக் கூட்டிவந்தார்கள். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். "டைபாய்டு. ஆத்திலே வச்சுக்கப்படாது" என்று சொல்லி, பட்டாளக்காரர்கள் இருக்கிற தண்டுப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே ஜட்கா வண்டியில் அனுப்பினார்.

குழந்தைகள் வார்டு நீள ஹால். இரும்புக் கட்டில்கள், சிவப்புக் கம்பளி, பினாயில் வாசனை. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரே ஓர் ஆள்தான் வந்து பார்க்கலாம். முதல் நாள் கனகாம்புஜம் வந்து மொட்டையடித்திருந்த பெண் தலையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழ, கட்டிலுக்குக் கட்டில் பிள்ளைகள் சேர்ந்து அழ, அபரஞ்சிக்கு ஜுரம் இன்னும் ஏறியது. மறுநாளிலிருந்து தகப்பனார் மட்டும் வரட்டும் என்று ஆஸ்பத்திரித் தலைவியான மதர் நயமாகச் சொல்லிவிட்டார். கனகாம்புஜம் வெளிக்கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் முக்காடு போட்டுக்கொண்டு, புருஷன் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருப்பாள்.

வார்டைப் பார்த்துக்கொண்டவள் நர்ஸ் அல்போன்சா. ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. முப்பது வயசு இருக்கும். சிரிப்பு எப்போதாவதுதான் வரும். விடியற்காலை சர்ச்சில் பூசை கண்டுவிட்டு நேரே வார்டுக்கு வருவாள். ஜுரம் கொதிக்கிற உடம்பை ஈரத் துணியால் கை, கால், மார், முதுகு என்று பகுதி பகுதியாகத் துடைப்பாள். படுக்கைப் புண் வராமல் இருக்க முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டு, மணிக்கொரு பக்கம் புரட்டிப் படுக்கவைப்பாள். காய்ந்து கறுத்த நாக்கையும் உதட்டையும் விரலில் பஞ்சு சுற்றி கிளிசரின் தொட்டுத் துடைப்பாள். பார்லித் தண்ணீரையும் மோர்த் தெளிவையும் மூக்கு வைத்த கோப்பையில் ஊற்றி, முனகுகிற வாயில் ஒவ்வொரு வாயாக இறக்குவாள். மலச்சட்டியைத் தானே கொண்டுபோய்க் கொட்டிக் கழுவுவாள். முதலியார் இந்த உழைப்பை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தன் மண்டியில் இப்படி ஓர் ஆள் கிடைத்தால் கேட்ட கூலி கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவர் வாழ்க்கையில் அப்படித் தோன்றியது அது ஒரு தரம்தான்.

நாலாவது வாரம் ஜுரம் இறங்கியது. அபரஞ்சி தகப்பனை அடையாளம் கண்டு, "நைனா, கிழங்கு என்னா போவுது?" என்றாள். முதலியார் மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அதற்கடுத்த வார்த்தை, "நைனா, பசிக்குது."

டாக்டர் சுந்தரராமன் ரவுண்டு வந்தபோது முதலியார் வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, கொழந்தே பசின்னு துடிக்குது. ஸ்வல்பம் குழைஞ்ச சோறாவது…"

"மூச்சு விடப்படாது. ஜ்வரம்தான் எறங்கியிருக்கு, குடல்லே புண்ணு அப்படியே இருக்கு. நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கும் ஓய். ஒரு பருக்கை பட்டா ஓட்டை விழுந்துடும். இன்னும் பத்து நாள் திரவ ஆகாரம்தான்."

"பத்தா!" முதலியார் இரண்டடி பின்னால் போனார். மண்டியில் விலை கேட்டதும் போகிற அதே இரண்டடி. "அஞ்சு போதாதுங்களா சாமி?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிழங்குன்னு நெனச்சீரா? சரி, உமக்காக ஒண்ணு தள்ளிட்டேன். ஒம்பது. போமய்யா." சொல்லிவிட்டு அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

பின்னால் நின்ற அல்போன்சா சிரிக்கவில்லை. "முதலியாரே, டாக்டர் தமாஷுக்குச் சொன்னாரு. பத்துன்னா பத்துதான். நான் பார்த்திருக்கேன். இதே கட்டில்லே ஒரு பையன். அவங்க அத்தைக்காரி பொரி உருண்டை குடுத்தா."

"என்னா ஆச்சு?"

"என்னா ஆவும்? கட்டில் காலியாச்சு."

முதலியார் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் மனசுக்குள் முளை அடித்தாகிவிட்டது. கேட்டவுடன் ஒன்று இறக்குகிறவன், விட்டுப் பிடித்தால் நாலு இறக்குவான். பத்து என்பது ஊருக்குச் சொல்கிற விலை. நிஜம் அஞ்சில்தான் இருக்கிறது. நர்சம்மா சொன்னது? பொரி உருண்டை கல்லு மாதிரி இருக்கும். அதுவுமில்லாமல் எந்தச் சரக்குக்கும் கூட நின்று ஏற்றிவிடுகிறவர் ஒருத்தர் இருப்பது சகஜம்தானே.

அபரஞ்சியின் பசி சாதாரணப் பசியில்லை. ஜுரம் தின்றுவிட்டுப் போன உடம்பு முழுக்க வாயாகிக் கேட்டது. அடுத்த கட்டில் பிள்ளை ரொட்டி தின்றால் அது மெல்லுகிற வரைக்கும் இவள் தாடை அசையும். அல்போன்சா பார்லி கொண்டுவந்தால், "இன்னாக்கா, தினமும் துணி அலசின தண்ணியே குடுக்கறீங்கோ?" என்பாள்.

"குடிடி ராஜாத்தி. பத்தியம் முடியட்டும், நானே சோறு பிசைஞ்சு ஊட்டறேன்."

"எப்போ?"

"சீக்கிரம்."

"எங்க நைனாகிட்டே சரக்கு வாங்கறவங்களும் இப்படித்தான்கா சொல்லுவாங்கோ. சீக்கிரம்னு."

அன்றைக்கு அல்போன்சாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோப்பை கையில் ஆடிக் கம்பளியில் கொஞ்சம் சிந்தியது.

வெளியே மரத்தடியில் வேறு கணக்கு நடந்தது. "என்னாங்க தின்னா இன்னிக்கி?" என்று கனகாம்புஜம் தினமும் கேட்பாள்.

"பார்லி."

"நேத்தும் அதானே. பொணத்துக்கு வாயிலே அரிசியாவது போடுவாங்களே. உசுரோட இருக்கிற பொண்ணைப் பட்டினி போடறாங்களே. நீங்க மண்டியிலே அத்தினி வாய் பேசறீங்க, அந்த வெள்ளைக் கோட்டுகிட்டே வாய் அடைச்சிப் போச்சா?"

இது முதலியாருக்குச் சுருக்கென்று தைத்தது. பேசத் தெரியாதவன் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் பத்து சொன்னதிலிருந்து ஐந்தாவது நாள் சாயங்காலம் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு குச்சிக் கை வந்து அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. அல்போன்சா நாலு கட்டில் தள்ளி ஒரு குழந்தைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நைனா. மசால் வடை" என்று உதடு மட்டும் அசைய அபரஞ்சி சொன்னாள். உடனே அவர் விரல்கள் நாலைப் பிடித்தாள்.

முதலியார் முகத்தை மண்டி முகமாக வைத்துக்கொண்டார். அவள் விரல் ஒன்றை மட்டும் தொட்டார். கம்பளிக்குள் அவள் மூன்றைப் பிடித்தாள். அவர் அசையவில்லை. பிடி தளர்ந்தது, பிறகு இறுகியது. அந்த இறுக்கத்தில் எத்தனை எலும்பு என்று அவருக்குத் தெரிந்தது. தன்னை அறியாமலே அவர் இரண்டைப் பிடித்துவிட்டார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது.

அல்போன்சா திரும்பிப் பார்த்தாள். தகப்பனும் மகளும் கம்பளிக்குள் கை கோத்து உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டதும் அவள் முகம் இளகிப் போனது. பார்வை நேரம் முடிந்த மணி அடித்தும் அந்தப் பக்கம் வராமல் இருந்தாள். எதிராளி முகம் இளகினால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது முதலியாரின் தொழில். சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நல்ல மழை. கேட்டில் பையைத் தடவிப் பார்க்கிற காவல்காரன் குடையைத் தடவிப் பார்ப்பதில்லை. மண்டி முனையில் சுடச்சுட வாங்கிய இரண்டு மசால் வடை, மந்தார இலையில் மடித்து, சுருக்கிய குடையின் மடிப்புக்குள் போயிற்று. முதலியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடியே உள்ளே வந்தார்.

"குடையை வெச்சுக்கிட்டு நனையறீங்களே" என்றாள் அல்போன்சா.

"கம்பி ஒடைஞ்சிப் போச்சும்மா."

அந்தச் சமயம் வார்டின் கோடியில் ஒரு பிள்ளைக்கு ஜன்னி வெட்டியது. அல்போன்சா ஓடினாள். முதலியார் நாற்காலியை இழுத்து முதுகால் கட்டிலை மறைத்துக்கொண்டார்.

அபரஞ்சி தின்றதைத் தின்றது என்று சொல்ல முடியாது. முதல் வடை எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவதைத்தான் கடித்தாள், கடலைப்பருப்பு பல்லில் பட்ட சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் வழிய மென்றாள். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். "இன்னொண்ணு கேட்டிருக்கணும் நான்" என்றாள். முதலியார் துண்டால் அவள் வாயைத் துடைத்தார். எண்ணெய் மினுக்கு போகவில்லை. ஆனால் அந்த உதட்டில்தான் தினமும் கிளிசரின் மினுங்குகிறதே. திரும்பி வந்த அல்போன்சாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வெளியே வந்ததும், "என்னாங்க தின்னா?" என்றாள் கனகாம்புஜம்.

"பார்லி" என்றார். பெண்ணுக்கு உடம்பு நன்றாகத் தேறின பிறகு சொல்லி, தன் பேச்சுத் திறமையை அவளுக்குக் காட்டலாம் என்று வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை மண்டியில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரிச் சேவகன் வந்து நின்றான். முதலியார் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. அபரஞ்சி முழங்காலை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து முனகினாள், ஜுரமும் திரும்ப ஏறியிருந்தது. டாக்டர் சுந்தரராமன் நாடியைப் பிடித்தபடி நின்றார். அல்போன்சா கொதிநீரில் முக்கிப் பிழிந்த கம்பளித் துணியை அவள் வயிற்றில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முதலியார், நேரே கேக்கறேன்" என்றார் டாக்டர். "கெட்டி ஆகாரம் ஏதாவது உள்ளே போச்சா? வெறும் வாயுவாவும் இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம். வயிறு இன்னும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறது. போச்சுன்னா, இப்பவே பெரிய சர்ஜனைக் கூப்பிட்டுக் கிழிச்சுப் பார்க்கணும். இல்லேன்னா இந்த உடம்பிலே கத்தி வைக்க நான் துணியமாட்டேன். சொல்லும்."

முதலியார் மகளின் முகத்தைப் பார்த்தார். நாக்கு முந்திக்கொண்டது. அது நாற்பது வருஷமாக ஒரே வேலை செய்து பழகின நாக்கு.

"ஒண்ணுமில்லீங்க சாமி. நேத்து… ஒரு விள்ளல் பிஸ்கோத்து. வாயிலே கரைஞ்சிடும்."

"ஒரு விள்ளலா?"

"அதிலேயும் பாதிங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "அவ்வளவுதான்னா காத்திருந்து பார்ப்போம்" என்றார். காத்திருந்து பார்த்தார்கள்.

அல்போன்சா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. நாடி, ஜுரம், நாடி. மத்தியானம் ஜுரம் சடாரென்று இறங்கியது. முதலியார் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, எறங்கிடுச்சு!"

அல்போன்சா பெண்ணின் கையை எடுத்துப் பார்த்தாள். நகம் நீலம் பாரித்திருந்தது. வயிற்றில் விரலை வைத்தாள், வைத்த விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு முதலியாரின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வயிறு பலகையாட்டம் ஆயிடுச்சு. ஜுரம் எறங்கினது நல்லதுக்கு இல்லே. நீங்க என்னா குடுத்தீங்க?"

"சொன்னேனேம்மா…"

"முதலியாரே." அவள் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். "காலையிலே துப்பட்டி மாத்தினேன். கட்டில் சட்டத்துச் சந்திலே இது இருந்துச்சு." எடுத்து நீட்டினாள். எண்ணெய் ஊறின மந்தார இலைத் துண்டு. "நீங்களா வாய் தொறந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். எனக்கும் பயம். என் டியூட்டியிலே நடந்திருக்கு. டாக்டர் கேட்டப்பவே நான் இதை நீட்டியிருக்கணும், நீட்டலே. அந்தப் பாவம் எனக்கு. இப்போ நீங்க சொல்லுங்க. கொறைக்காதீங்க. இது மண்டி இல்லே."

முதலியார் தூணைப் பிடித்துக்கொண்டார். சாரல் முகத்தில் அடித்தது.

"மசால் வடை. ரெண்டு."

அவள் ஓடினாள். அந்த வராந்தாவில் நர்சுகள் ஓடக் கூடாது என்று சட்டம்.

சர்ஜன் மோட்டாரில் வந்தபோது விளக்கேற்றும் நேரம். அபரஞ்சியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். முகம் சுருங்கி, மூக்கு மட்டும் கூர்மையாக, யாரோ வயசான பொம்பிளையின் முகம் போல இருந்தது. போகும்போது அவள் தகப்பனைப் பார்த்தாள். "நைனா, யார்கிட்டேயும் சொல்லலே நானு" என்றாள்.

மறுநாள் பொழுது விடிந்து, கோயில் மணியும் சர்ச் மணியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற நேரத்தில் உயிர் பிரிந்தது.

டாக்டர் சுந்தரராமன் வராந்தா பெஞ்சில் முதலியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நேத்துக் காலையிலேயே சொல்லியிருந்தா…" என்று முதலியார் ஆரம்பித்தார்.

"தெரியலே ஓய். ஓட்டை விழுந்தப்புறம் பொழைக்கறவா கம்மி. பொழைச்சிருப்பான்னும் சொல்லமாட்டேன், மாட்டான்னும் சொல்லமாட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானும் அன்னிக்கு உம்மோட விளையாடியிருக்கப்படாது."

முதலியார் காத்துக்கொண்டிருந்தார், இவர் இரண்டில் ஏதாவது ஒன்றில் வந்து நிற்பார் என்று. டாக்டர் எதிலும் நிற்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குக் கனகாம்புஜத்தை யாரும் கேட்டில் தடுக்கவில்லை. வெள்ளைத் துணி மூடிய கட்டிலைப் பார்த்தாள். பெண்ணின் மேல் விழவில்லை. நேரே போய் அல்போன்சாவின் ஏப்ரனை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டினி போட்டே கொன்னுட்டியேடி! ஒரு வாய் சோத்துக்குப் பறந்துச்சே என் கொழந்தே, ஒனக்கு வயிறு இல்லியா? நீ ஒரு புள்ளை பெத்திருந்தா தெரியும்டி ஒனக்கு!"

கட்டில்களில் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அல்போன்சா விடுவித்துக்கொள்ளவில்லை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கனகாம்புஜத்தின் தோளுக்கு மேலே முதலியாரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏப்ரன் பையும் இல்லை, மந்தார இலையும் இல்லை. இவள் தன்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று முதலியாருக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊரும் ஆஸ்பத்திரியைத்தான் திட்டும், உறவும் திட்டும், இந்தப் பெண்ணின் வேலை போனாலும் போகும், சாகிறவரை கனகாம்புஜம் அவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து அழுவாள். அவர் வாழ்நாளில் இத்தனை மலிவாக எதுவும் வந்ததில்லை.

"சொல்லுடி! வெறும் வயித்தோடயா போனா எம் பொண்ணு? ஒண்ணுமே திங்காமலா போனா?"

"தின்னா" என்றார் முதலியார்.

கனகாம்புஜம் திரும்பினாள்.

"மசால் வடை. நான்தான் கொண்டாந்து குடுத்தேன், முந்தா நாளு."

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் ஒரு கணம் அப்படியே கரைந்து ஓடியது. "தின்னாளா? நெசமாவா? நல்லா தின்னாளா?"

"நல்லா தின்னா. வெரலெல்லாம் நக்கினா."

"என் தாயே, என் தாயே" என்று சொல்லிக்கொண்டே கனகாம்புஜம் மூடிய துணியைத் தடவினாள். அப்புறம் அந்தக் கை நின்றது. அல்போன்சா ஏன் அழுகிறாள் என்று பார்த்தாள். புருஷன் ஏன் கட்டிலுக்கு அருகில் வராமல் சுவரோரம் நிற்கிறார் என்று பார்த்தாள். பொரி உருண்டைக்காரி கதையை அவரேதான் ஒருநாள் மரத்தடியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

யாரிடமோ விலை கேட்கிற மாதிரித் தணிந்த குரலில் கேட்டாள்.

"எத்தினி குடுத்தீங்க?"

பாதி என்று சொல்ல நாக்கு புரண்டது. கனகாம்புஜம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு" என்றார். "முழுசா ரெண்டு."